திகாம் பத்து வீட்டுக்கு எந்த ஹீட்டர்?

"அண்ணே, உப்பு பிடிக்காத ஹீட்டர் இருக்கா?" சுங்கைப் பட்டாணி மின்சாதனக் கடைகளில் நம் ஆட்கள் கேட்கும் கேள்வி இது. கோயம்புத்தூர்க்காரரும் திருப்பூர்க்காரரும் கீசரைக் கழற்றி, கம்பியைச் சுற்றிப் பாறை போல ஏறியிருக்கும் வெள்ளைப் படிவைக் காட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் இந்தப் பயம் வருகிறது. அவர்கள் காட்டுவது உண்மை. அங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் குளியலறைக்கு வருகிறது. கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். அந்த 600-ஐ ஒட்டியும் தாண்டியும் தண்ணீர் வரும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

கெடாவில் இருக்கும் திகாம் பத்துவின் கதை வேறு. நம் பைப்பில் வருவது முக்கியமாக மூடா ஆற்றுத் தண்ணீர். மழையில் பிறந்து, சீக், பாலிங் மலைகளிலிருந்து இறங்கி வரும் ஆறு அது. கரைந்த சுண்ணாம்பு அதில் குறைவு. அது சுமந்து வருவது சேறு. 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங், கூப்பாங்கில் மலைவெள்ளம் பாய்ந்து மரமும் சேறுமாக வீடுகளை அடித்துப் போனது நினைவிருக்கும். கூப்பாங் ஆறு கெத்தில் ஆற்றில் சேர்கிறது, கெத்தில் மூடாவில் சேர்கிறது, மூடாவின் கீழ்ப்பகுதியில் நாம் இருக்கிறோம். சுத்திகரிப்பு நிலையம் சேற்றைப் பிரித்துத்தான் அனுப்புகிறது. ஆனாலும் தண்ணீர் தடைபட்டு மறுபடி வரும்போது, பழைய குழாய்களின் அடியில் படிந்து கிடந்தது கிளறப்பட்டு முதல் அரைமணி நேரம் கலங்கலாக வரும். நம் ஊர் ஹீட்டர்களைக் கெடுப்பது அந்தக் கலங்கலும், போதாத அழுத்தமும், சரியில்லாத வயரிங்கும். சுண்ணாம்பு அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் "உப்பு நீக்கும் கருவி" என்று சில நூறு வெள்ளியைக் கொடுத்துவிட்டு வருவது எனக்கு மனக்கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பணத்துக்கு அதைவிட அவசியமான செலவு ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள். வெள்ளை வாளியில் பிடித்து ஓர் இரவு வையுங்கள். காலையில் அடியில் பழுப்புத் தூள் படிந்திருந்தால் அது சேறு. பிடித்தபோது தெளிவாக இருந்து, காற்றுப்பட்ட பிறகு மஞ்சளாக மாறினால் இரும்பு. தோட்டத்துப் பழைய கிணறு, வீட்டுப் பின்புறம் போட்ட போர் ஆகியவற்றில் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அடுத்து கெட்டிலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு இருந்தால் சுரண்டி எடுத்து அதன்மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. நுரைக்கவில்லை என்றால் அது வேறு ஏதோ படிவு. சுண்ணாம்புக்கான மருந்து அதற்கு வேலை செய்யாது.

சுண்ணாம்புத் தண்ணீர் கெடாவிலேயே இல்லை என்று சொல்ல வரவில்லை. பாலிங் ஊருக்குமேல் நிற்கிற குனோங் பாலிங் சுண்ணாம்புப் பாறைதான். லங்காவியிலும், பக்கத்து பெர்லிசிலும், தெற்கே ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கிலும் அதே பாறை உண்டு. அந்தப் பக்கங்களில் நிலத்தடி நீர் எடுக்கும் வீடுகளுக்குத் தமிழ்நாட்டு ஆலோசனை அப்படியே பொருந்தும்.

இனி ஹீட்டர்களுக்கு வருவோம். நம் தாமான்களில் அதிகம் இருப்பது உடனடிச் சூட்டு வகை. சுவரில் சின்னப் பெட்டி, ஷவரைத் திறந்தால் அப்போதே சூடாகும். வழக்கமாக 3.6 கிலோவாட். இதன் கணக்கு எளிது. நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் ஓடினால் தண்ணீர் சுமார் 20 டிகிரி ஏறும். நம் பைப் தண்ணீர் ஏற்கெனவே 27, 28 டிகிரியில் இருப்பதால் குளிக்கத் தேவையான 40-ஐ எட்டி மிச்சமும் இருக்கும். கேமரன் மலையில் இது போதாமல் போகலாம். கெடா சமவெளியில் தாராளமாகப் போதும். எட்டு நிமிடக் குளியலுக்கு அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது.

இதிலேயே பம்ப் உள்ளது, பம்ப் இல்லாதது என்று இரண்டு. பம்ப் இல்லாதது 200 முதல் 400 வெள்ளிக்குள் கிடைக்கும். பம்ப் உள்ளது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எது வேண்டும் என்பதை விற்பனையாளரிடம் கேட்க வேண்டியதில்லை, வாளியே சொல்லிவிடும். ஹீட்டர் மாட்டப்போகும் குழாயில் பத்து லிட்டர் வாளி நான்கு நிமிடத்துக்குள் நிரம்பினால் பம்ப் தேவையில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஓட்டத்தை உணரும் ஸ்விட்ச் விழாமல் ஹீட்டர் சூடாகவே மறுக்கலாம். அப்போது பம்ப் வேண்டும். ஒற்றை மாடி வரிசை வீடுகளில் கூரைத் தொட்டிக்கும் ஷவருக்கும் ஒன்றிரண்டு மீட்டர்தான் உயர வித்தியாசம். ஒரு மீட்டருக்கு 0.1 பார் அழுத்தம் என்பதால் அங்கே பெரும்பாலும் பம்ப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். பம்ப் உள்ளதைக் கூரைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் மட்டும் இணையுங்கள். சாலையிலிருந்து நேரே வரும் குழாயில் வைத்து இழுப்பது விதிக்கும் ஒவ்வாது, அக்கம்பக்கத்து வீடுகளின் தண்ணீருக்கும் கேடு.

இரண்டும் ஒத்துவரும் வீட்டில் நான் பம்ப் இல்லாததையே எடுப்பேன். பம்ப் உள்ளவற்றில் மின்னணுப் பலகை கூடுதல். நம் பகுதியில் மாலை இடிமழைக்கு முதலில் போவது அதுதான். பலகையை மாற்றும் செலவில் பம்ப் இல்லாத புது ஹீட்டரே வந்துவிடும்.

இன்னொன்று தொட்டி வகை, தமிழ்நாட்டில் கீசர் என்பது இதைத்தான். 15 லிட்டர், 25 லிட்டர் அளவுகள் சாதாரணம். 25 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகும். வயதானவர்கள் இருக்கும் வீடு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் வீடு, ஒரே நேரத்தில் இரண்டு குளியலறை ஓடும் வீடு என்றால் இது நல்லது. மின்சாரம் போனாலும் ஒரு குளியலுக்குத் தண்ணீர் மிஞ்சும். சுண்ணாம்புத் தண்ணீருக்கு எது நல்லது என்று கேட்டால், தொட்டி வகை என்றுதான் சொல்வேன். உடனடி வகையின் உள்அறை மிகச் சிறியது, துவாரங்கள் குறுகியவை. கொஞ்சம் படிந்தாலே அடைத்துக்கொள்ளும், திறந்து கழுவவும் வசதியில்லை. தொட்டியில் சுண்ணாம்பு விழுந்து கிடக்க இடம் உண்டு, அடிமூடியைக் கழற்றி வாரி எடுக்கவும் முடியும். சூட்டை 60-ஐ ஒட்டி வையுங்கள். அதற்குமேல் போகப்போகப் படிவு வேகமாக ஏறும். எப்போதும் வெதுவெதுப்பிலேயே வைத்திருந்தால் லெஜியோனெல்லா கிருமிக்கு இடம் கொடுத்ததாகும். கடினநீருக்கு வாங்குகிறவர்கள் இன்கலாய் உறை போட்ட எலிமென்ட் இருக்கிறதா, மக்னீசியக் கம்பியைத் தனியாக மாற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். அந்தக் கம்பி தான் அரிக்கப்பட்டுத் தொட்டியின் எஃகைக் காக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திறந்து பார்க்காத வீடுகளில்தான் தொட்டி ஓட்டை விழுகிறது, ஓட்டை விழுந்த தொட்டிக்கு மருத்துவம் கிடையாது.

சூரிய ஹீட்டர் பல ஆயிரம் வெள்ளி. கூட்டுக்குடும்பம் இருக்கும் சொந்தத் தரைவீட்டுக்கு நீண்ட காலத்தில் கட்டுப்படியாகும். ஆனால் 300 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 300 கிலோ. தகரமோ அஸ்பெஸ்டாஸோ வேய்ந்த பழைய லயத்து வீட்டுக் கூரையில் அதை ஏற்றக்கூடாது. கேஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் மாட்டவே வேண்டாம். நச்சுப்புகை கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது.

எந்த வகையானாலும், முன்பு சொன்ன அவசியச் செலவுக்கு வருகிறேன். 3.6 கிலோவாட் ஹீட்டர் 15 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். நம் சுவர் பிளக் 13 ஆம்பியர்தான் தாங்கும். ஆகவே சாக்கெட்டில் செருகும் வேலையே கூடாது. மெயின் பாக்ஸிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி, குளியலறைக்கு வெளியே இருமுனை ஸ்விட்ச் வேண்டும். ஈரத்தரை உள்ள இடத்துக்கு 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்பு (ஈ.எல்.சி.பி.) வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. வீட்டு முகப்பில் இருக்கும் 100 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி. ஹீட்டருக்குப் போதாது. ஹீட்டருக்குள்ளேயே ஈ.எல்.சி.பி. இருக்கிறது என்று கடையில் சொல்வார்கள். அதுவரை வந்து சேரும் வயரை அது காக்காது. தோட்ட லயங்களிலும் பழைய கம்போங் வீடுகளிலும் எர்த் வயரே இல்லாத வயரிங் இன்னும் இருக்கலாம். அங்கே எர்த் போடாமல் ஹீட்டர் மாட்டினால் குளிக்கிறவரின் உயிருக்கே ஆபத்து. சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேனை அழையுங்கள். சாதனத்தில் சிரிம் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

பராமரிப்பில் நம் ஊருக்கு முக்கியமானது ஒரு சின்ன சல்லடை. உடனடி ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் வால்வில், பெரும்பாலான மாடல்களில், விரல்நுனி அளவில் கம்பிவலை ஒன்று இருக்கும். மின்சாரத்தை அணைத்து, வால்வை மூடி, மூடியை நாணயத்தால் திருகிக் கழற்றினால் வெளியே வரும். சில மாதம் கவனிக்காமல் விட்ட வலையில் செம்பழுப்புக் களிம்பு அப்பியிருக்கும், நடுவில் ஒன்றிரண்டு மணல் மணி மின்னும். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். "ஹீட்டர் சூடாகவில்லை" என்று ஆளைக் கூப்பிடும் முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. தண்ணீர் தடைபட்டு மீண்டும் வந்த நாளில், கலங்கல் தெளியும்வரை வேறு குழாயைத் திறந்து ஓடவிட்டு, அதன்பின் ஹீட்டரைப் போடுங்கள். கூரைத் தொட்டியை ஆண்டுக்கு ஒருமுறை கழுவுங்கள். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் அதை ஹீட்டருக்கு நேரே விடாமல், திறந்த தொட்டியில் காற்றுப்பட விழச்செய்து, ஓர் இரவு தெளியவிட்டு மேலே ஏற்றுங்கள்.

சுண்ணாம்பு படிந்த தொட்டியைச் சத்தமே காட்டிக்கொடுக்கும். சூடாகும்போது உள்ளே படபடவென்று பொரியும். ஒரு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, கழற்றிய எலிமென்ட்டைச் சில மணி நேரம் ஊறவைத்தால் உதிர்ந்துவிடும். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது படிவோடு தொட்டியின் உட்பூச்சையும் உலோகத்தையும் தின்றுவிடும். தொட்டியின் அழுத்த விடுவிப்பு வால்வைச் சில மாதத்துக்கு ஒருமுறை தூக்கிவிட்டுப் பாருங்கள். சூடாகும்போது அதில் நாலு சொட்டு வடிவது இயல்பு. தூக்கினாலும் தண்ணீரே வராவிட்டால் அடைத்திருக்கிறது. அந்த நிலையில் ஹீட்டரை ஓட்டாதீர்கள், அழுத்தம் வெளியேற வழியில்லாத தொட்டி வெடிக்கக்கூடும்.

ரிப்பேரா, புதுசா என்ற கேள்விக்கு என் முறை இது. பம்ப் இல்லாத உடனடி ஹீட்டர் ஏழெட்டு ஆண்டு உழைத்து எலிமென்ட் போனால் புதிது வாங்குங்கள். எலிமென்ட் விலையும் கூலியும் சேர்ந்து புதிதின் விலையை நெருங்கிவிடும். தொட்டி வகையில் எலிமென்ட், தெர்மோஸ்டாட், வால்வு எது போனாலும் மாற்றிக்கொள்ளலாம், தொட்டி நன்றாக இருக்கும்வரை. ஹீட்டரைப் போட்டதும் ஈ.எல்.சி.பி. விழுகிறது என்றால் எலிமென்ட்டின் உறை பிளந்து மின்சாரம் தண்ணீரில் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஈ.எல்.சி.பி.யைச் சுற்றி வயர் இழுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஹீட்டர் ஸ்விட்சை அணைத்து, அதன்மேல் ஒரு டேப்பை ஒட்டி வையுங்கள். வயர்மேன் வந்து பார்க்கும்வரை சட்டியில் தண்ணீர் காய்ச்சிக் குளிக்கலாம்.