மூளையுறைக் காய்ச்சலும் முதுகு நீரும்

உடலை ஒரு நாடு என்று கொண்டால் மூளையே அதன் தலைநகர். அந்தத் தலைநகரைச் சுற்றி இயற்கை மூன்று மதில்களை எழுப்பியுள்ளது. மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மூன்று உறைகளே அவை. மூளையின் உள்ளறைகளிலும், உள்ளிருக்கும் இரண்டு உறைகளுக்கு நடுவிலும் தெளிந்த நீர் நிறைந்திருக்கிறது. வளர்ந்தவர்களிடம் இதன் அளவு ஏறக்குறைய 150 மில்லி லிட்டர். இந்த நீரில் பாக்டீரியாக்கள் புகுந்து உறைகளைத் தாக்குவதே பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சல்.

பகைவர் யார்? நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சா பி வகை ஆகியவை முக்கியமானவை. இவை பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றிக் குடியிருப்பவை. சிலரிடம் மட்டும் இரத்தத்தில் கலந்து மதிலைத் தாண்டிவிடுகின்றன. உறைகளுக்கிடையே உள்ள நீரில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் மிகக் குறைவு. ஆகவே அங்கு அவை விரைந்து பெருகுகின்றன.

கடுங்காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தில் கண்கூச்சம், மனக்குழப்பம் ஆகியவை அறிகுறிகள். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். பால் குடிக்க மறுத்தல், ஓயாத அழுகை, துவண்டு கிடத்தல், உச்சிக்குழி புடைத்தல், வலிப்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

நோயை உறுதி செய்ய முதுகிலிருந்து நீர் எடுக்க வேண்டும். 1891இல் ஜெர்மானிய மருத்துவர் குவின்கே வகுத்த முறை இது. இங்கேதான் நம் மக்கள் அஞ்சுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்தியே. அதனால் மருந்துச் சீட்டு முதல் எல்லாவற்றுக்கும் என்னிடமே விளக்கம் கேட்பார்கள். “முதுகுத் தண்ணி எடுத்தா காலு விளங்காமப் போயிடுமாமே?” என்று ஒருநாள் அத்தை கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே இங்கும் எழுதுகிறேன்.

வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசியைச் செலுத்துவதோ அதற்கும் கீழே, மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு இடையில் அல்லது அதற்கு அடுத்த இடைவெளியில். அங்கு நீரில் மிதக்கும் நரம்பிழைகள்தாம் உண்டு. சில நாள் தலைவலி வரலாம். முடக்கம் மிகமிக அரிது. மூளையில் அழுத்தம் மிகுந்திருப்பதாகத் தோன்றினால் மருத்துவர் முதலில் ஸ்கேன் எடுப்பார். அப்போதும் மருந்தைத் தள்ளிப்போடுவதில்லை.

அந்தச் சில துளி நீர் சொல்லும் செய்திகள் பல. பளிங்கு போன்ற நீர் நோயில் கலங்கிவிடும். ஒரு கன மில்லி மீட்டரில் ஐந்துக்கு மேற்படாத வெள்ளணுக்கள் பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். சர்க்கரை குறையும், புரதம் கூடும். செய்முறை வகுப்பில் நாம் பழகும் கிராம் சாயத்தில் நியூமோகாக்கஸ் ஊதாவாகவும் மெனிஞ்சோகாக்கஸ் இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகளை சிரை வழியே உடனே செலுத்துகிறார்கள். முதல் ஊசியுடனோ அதற்குச் சற்று முன்போ டெக்சாமெத்தசோன் கொடுப்பது வீக்கத்தைத் தணித்துச் செவித்திறனைக் காக்க உதவும். இத்தனை மருந்துகள் இருந்தும், இந்நோய் கண்டவர்களுள் ஆறில் ஒருவர் இறப்பதாகவும் ஐந்தில் ஒருவருக்குக் கடும் பாதிப்பு நேர்வதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. செவிட்டுத்தன்மையும் முடக்கமும் பெரும்பாலும் நோயின் வேலையே. பழி மட்டும் ஊசியின்மேல் விழுகிறது!

வருமுன் காப்பதும் நம் கையில் உண்டு. ஹீமோஃபிலஸைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரிலும், நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021லும் தமிழகத்தின் இலவசத் திட்டத்தில் சேர்ந்தன.

மாணவ நண்பர்களே! நாம் கற்றது தேர்வுத்தாளோடு முடிந்துவிடலாகாது. இந்நோயில் ஒவ்வொரு மணி நேரமும் ஓர் உயிரின் விலை. அறிகுறி கண்டவுடன் மருத்துவமனைக்கு விரையுங்கள் என்றும், முதுகு நீர் எடுக்க அஞ்சாதீர்கள் என்றும் நம் தெருவில் நான்கு பேருக்கேனும் எடுத்துச் சொல்வோம்.