நேரான கண்ணுக்கு ஆழம் தெரியுமா?

கேள்வி: சிறுவயதில் மாறுகண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. கண் நேராகிவிட்டது, ஆனால் ஊசியில் நூல் கோக்கத் தடுமாற்றம். இந்த வயதில் கண் பயிற்சி பலிக்குமா?
– வாசகி, கெடார்

பதில்: சிலருக்குப் பலித்திருக்கிறது. அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் சூசன் பேரிக்குச் சிறுவயதிலேயே மூன்று ஆபரேஷன்கள். கண்கள் நேராகின, மூளையோ ஒரு நேரத்தில் ஒரு கண்ணின் காட்சியைத்தான் ஏற்றது; அதனால் ஆழம் தெரியவில்லை. 48 வயதில் பயிற்சிக்குப் போனார். ஒருநாள் காரில் ஏறி உட்கார்ந்தவருக்கு, ஸ்டீயரிங் டாஷ்போர்டிலிருந்து விலகி, தனியே முன்னால் நிற்பது தெரிந்தது! 2006-இல் நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ் இவரைப் பற்றி எழுதினார். 2009-இல் சூசனே தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார்.

இந்தப் பயிற்சிகளில் ஒன்றுக்கு ஒரு கயிறும் வண்ண மணிகளும் போதும். ஒரு முனையை மூக்கு நுனியில் பிடித்து ஒரு மணியைப் பார்க்க வேண்டும். கயிறு இரண்டாகத் தெரிந்து, அந்த மணியில் குறுக்கிட்டால் இரு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பொருள்.

எல்லோருக்கும் இது கைகூடாது. தானாகச் செய்து பார்க்கவும் கூடாது. சிலருக்கு நிரந்தரமாக இரட்டைப் பார்வை வந்துவிடும்.

கெடாரிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே மாறுகண் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். பழைய ஆபரேஷன் சீட்டுகள் இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள்.