வேறு கேம் போட்ட காரா? அளந்து பார்த்து வாங்குங்கள்

திருப்பூர்க்காரர்களுக்குக் கேம் புதிதல்ல. நிட்டிங் மெஷினில் ஊசியை ஏற்றி இறக்குவது கேம்தான். நிட் கேம் இருந்த இடத்தில் டக் கேமைப் போட்டால் துணியே மாறிவிடும். கார் என்ஜினில் வால்வுகளுக்கு அந்த வேலையைச் செய்வது கேம்ஷாஃப்ட்.

பக்கத்துக் கோவைக்குப் பந்தய மரபு உண்டு. மாருதி 800 என்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய எஸ். கரிவர்தனின் பெயரில், செட்டிப்பாளையத்தில் 2003இல் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. இந்த வட்டாரத்தில் பழைய மாருதி 800, ஜிப்ஸி வாங்கப் போகும்போது, "உள்ளே வேற கேம் போட்டிருக்கு" என்று விற்பவர் சொன்னால் எதை நம்புவது?

நம்பிக்கை: ஐடிலில் குலுங்கினால் அது ரேஸ் கேம்.

உண்மை: இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடினால் ஐடில் குலுங்கும். ஆனால் காற்றுக் கசிவு, பழுதான பிளக், ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு ஆகியவையும் அதே குலுக்கலைத் தரும். முதலில் கம்ப்ரஷன் பாருங்கள்.

நம்பிக்கை: கேமில் உள்ள எண்ணைப் பார்த்தாலே போதும்.

உண்மை: வார்ப்பில் வரும் எண் பெரும்பாலும் மூல வார்ப்பைத்தான் குறிக்கும். ஒரே வார்ப்பிலிருந்து பல வடிவக் கேம்களைக் கடைந்தெடுக்கலாம். கடைந்தவர் முனையில் பொறித்த எண் இருந்தால் அது உதவும். பல கேம்களில் அதுவும் இருக்காது.

நம்பிக்கை: லோப் உயரமாக இருந்தால்தான் லிஃப்ட் அதிகம்.

உண்மை: கேமில் துருத்திய பகுதி லோப்; துருத்தாத வட்டப் பகுதி அடிவட்டம். லோபின் மொத்த உயரத்திலிருந்து அடிவட்டத்தின் விட்டத்தைக் கழித்தால் கிடைப்பதே லோப் லிஃப்ட், அதாவது கேம் தூக்கும் அளவு. மறுபடி கடையும்போது அடிவட்டம் சிறுத்துவிடும். உதாரணமாக, உயரம் 38 மி.மீ., அடிவட்டம் 32 என்றால் லிஃப்ட் 6. கடைந்தபின் 37.5, 31 என்றால் லிஃப்ட் 6.5. லோப் குட்டையானது; லிஃப்ட் கூடியது! ராக்கர் ஆர்ம் உள்ள என்ஜினில் இதை ராக்கர் விகிதத்தால் பெருக்கினால்தான் வால்வு லிஃப்ட் தெரியும்.

நம்பிக்கை: லிஃப்ட் தெரிந்தால் கேம் தெரிந்துவிடும்.

உண்மை: வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதும் வேண்டும். கிராங்கில் டிகிரி வீல், வால்வு ஸ்பிரிங்கின் மேல் தட்டில் டயல் கேஜ் வைத்து, என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி இருக்கும்போது இன்டேக் வால்வு 1 மி.மீ. திறந்து, பிஸ்டன் அடிப்புள்ளியைத் தாண்டி 50 டிகிரியில் அதே 1 மி.மீ.க்கு இறங்கினால், திறப்பு 10+180+50, அதாவது 240 டிகிரி. எக்ஸாஸ்டையும் இப்படியே அளந்து, ஒர்க்‌ஷாப் மேனுவலோடு ஒப்பிடுங்கள். மேனுவல் எந்த லிஃப்ட்டில் அளந்த கணக்கைத் தருகிறது என்பதையும் கவனியுங்கள். அளவுமுறை வேறானால் ஒப்பீடு செல்லாது.

இப்படி அளந்த அளவுச் சீட்டைக் காட்ட முடியாத விற்பனையாளருக்குக் கேமுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். வாங்கிய பின் கேம் எதுவென்று தெரியாமலே இருந்தால், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்காமல் என்ஜினை விரட்டாதீர்கள்.