மணவிலக்கும் வழக்கறிஞர் துணையும்

முத்திரைத்தாளில் கணவனும் மனைவியும் கையெழுத்திட்டுவிட்டால் திருமணம் முறிந்துவிடும் என்று எண்ணுவோர் சுனாபட்டித் தமிழரிடையே இன்றும் உளர். அவ்வெண்ணம் தவறு.

இந்துக்களுக்கு மணவிலக்கு உரிமையைப் பம்பாய் மாகாணம் 1947 இலும், சென்னை மாகாணம் 1949 இலும் வழங்கின. பின்னர் வந்தது 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம். அதன்படி, மெய்ப்பிக்கத்தக்க குல வழக்கம் இருந்தாலன்றி, நீதிமன்றத் தீர்ப்பே மணத்தை முறிக்கும். தீர்ப்பு பெறாமல் செய்யும் மறுமணம் செல்லாது; குற்றமும் ஆகும்.

இருவரும் இசைந்தால் வழி எளிது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் கூட்டு மனு அளிக்கலாம். ஆறு திங்கள் கழித்து மீண்டும் உறுதி கூறவேண்டும். தக்க வழக்குகளில் இக்காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் இசையாவிடில், கொடுமை, கைவிடல் போன்ற காரணத்தை மற்றவர் மெய்ப்பிக்க வேண்டும்.

பாந்திராவிலுள்ள குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வாதாட நீதிபதியின் இசைவு வேண்டும். ஆயினும் மனு எழுதவும் சான்று திரட்டவும் அவர் துணை தேவை. கட்டணத்துக்கு எங்கே போவது? 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. போதிய வருவாயில்லாத மனைவிக்கு வழக்குச் செலவைக் கணவன் தரவேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிடலாம்.

மாணவ நண்பர்களே! எழுதப் படிக்கத் தெரியாத அக்காள் ஒருவரிடம் எவரேனும் முத்திரைத்தாளை நீட்டினால், கையெழுத்திடும் முன் இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். சட்ட உதவி அலுவலகம் வரை உடன் செல்லுங்கள்.