உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவை சிகிச்சை: உடலைத் தேற்றும் ஊட்டம்

கட்டி அடைப்பதால் விழுங்க இயலாமல் மெலிந்துபோன நோயாளிக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் புண் ஆறத் தாமதமாவதோடு நோய்த்தொற்றும் எளிதில் ஏற்படுகிறது.

• ஆறு மாதத்தில் உடல் எடை 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தேனும் 7 முதல் 14 நாள் வரை ஊட்டம் அளிக்குமாறு மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன.

• ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோகலோரியும் சுமார் 1.5 கிராம் புரதமும் தேவைப்படுவதால், விழுங்க முடிந்தவருக்கு வெறும் கஞ்சித் தண்ணீரோடு நின்றுவிடாமல் பால், பருப்பு, வெந்த முட்டை ஆகியவற்றை நன்கு அரைத்துக் கொடுக்க வேண்டும்.

• அதுவும் இறங்காதபோது, வயிற்றுச் சுவர் வழியாகச் சிறுகுடலுக்குள் ஜெஜுனாஸ்டமி எனப்படும் குழாய் பொருத்தப்படுகிறது. அது அடைத்துக்கொள்ளாதிருக்க, ஒவ்வொரு முறையும் ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் சுத்தமான நீர் செலுத்துவது அவசியம்.

• பல நாள் உண்ணாதவருக்கு ஒரேயடியாக மிகுதியாக ஊட்டினால், இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் ஆகியவை திடீரெனக் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறக்கூடும் என்பதால், மருத்துவர் சொற்படி அளவைப் படிப்படியாகவே உயர்த்த வேண்டும்.

• அறுவை சிகிச்சைக்குப் பின், வாயால் உண்ண மருத்துவர் அனுமதித்ததும், நாளுக்கு ஆறு முதல் எட்டு வேளை சிறுகச் சிறுக உண்பதும், உண்டவுடன் படுக்காதிருப்பதும் நன்று.

வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்து, குறைந்தால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.