கறுப்புக் கிட்டாருக்கு நீல வண்ணம்

பூன் லேயில் வசிக்கும் என் அண்ணன் மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். பள்ளி விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய கிட்டார் ஒன்றை வாங்கினான். அது மரக் கிட்டார் அன்று. கார்பன் இழையால் ஆனது. மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் அதைச் சன்னலோரத்திலேயே வைத்திருந்தாராம். மேற்கு வெயில் பட்டுப் பட்டு மேற்பூச்சு மஞ்சளாகி, பாம்புச் சட்டைபோல் உரிந்திருந்தது.

“அத்தை, பள்ளி இசை நிகழ்ச்சிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. இதை எப்படி மேடைக்குக் கொண்டுபோவது? நீல வண்ணம் அடித்துவிடப் போகிறேன்,” என்றான்.

நல்ல கிட்டாரைத்தான் வாங்கியிருந்தான். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் அதிகம். மரம் அந்த ஈரத்தை உறிஞ்சி உப்பும். குளிர்சாதன அறையில் சுருங்கும். இப்படி மாறி மாறி நடந்தால் பலகை வளையும், பசை விடும். நம்மைப் போலவே வெப்பமும் ஈரமும் நிறைந்த ஹவாயின் மாவீ தீவில், ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளர் இதற்கு ஒரு வழி தேடினார். கார்பன் இழைத் துணியை எப்பாக்சிப் பிசினில் தோய்த்து, அச்சில் வார்த்துக் கிட்டார் செய்தார். அதற்கு ‘ரெயின்சாங்’, அதாவது மழைப்பாட்டு, என்று பெயர். ஈரம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால், வெயிலின் புறஊதாக் கதிர்கள் எப்பாக்சியை மஞ்சளாக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் மேலே தெளிந்த பூச்சு ஒன்று தேவைப்படுகிறது.

மர மேசைக்கு வண்ணம் அடிப்பதைப் போன்ற வேலைதானே என்று நானும் நினைத்துவிட்டேன். மறுநாளே உண்மை தெரிந்தது. வீட்டு வாசலில், பொது நடைபாதையில் உட்கார்ந்து அவன் உப்புத்தாளால் வறவறவென்று தேய்த்திருக்கிறான். முகக்கவசமும் இல்லை, கையுறையும் இல்லை. மாலையில் கை முழுவதும் அரிப்பு. பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி காயப்போட்டிருந்த துணிகளில் கறுப்புத் தூள். அவனே போய் மன்னிப்புக் கேட்டு, துணிகளை வாங்கித் துவைத்துக் கொடுத்தான்.

1961இல் ஜூரோங்கில் தொழிற்பேட்டை உருவாகத் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் பட்டறை வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கீழ்மாடியில் இருக்கும் சீனப் பெரியவர் பல ஆண்டுகள் கார்களுக்கு வண்ணம் தெளித்தவர். கிட்டாரைத் திருப்பிப் பார்த்ததும் அவர் கேட்டார்: “தூள் என்ன நிறத்தில் வந்தது?”

“கறுப்பாக வந்தது, அங்கிள்.”

“அப்படியானால் அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டாய். மேற்பூச்சின் தூள் வெள்ளையாக இருக்கும். கறுப்பு வந்தால் இழையே அறுபடுகிறது என்று பொருள்.”

நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அப்போது தூள் காற்றில் பறக்காது. அறுபட்ட இழைத்தூள் தோலையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும். சாயநீக்கியைத் தடவவே கூடாது. அது பழைய பூச்சோடு எப்பாக்சியையும் இளக்கிவிடும். இவற்றையெல்லாம் பெரியவர் பொறுமையாகச் சொன்னார். அவன் தலையாட்டினான். அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் அவன் முகம் வாடிவிட்டது.

“முன்பக்கத்துக்கு நீலம் வேண்டாம்.”

முன்பலகை அதிர்ந்தால்தான் கிட்டார் ஒலிக்கும். அதன்மேல் ஏறும் ஒவ்வொரு பூச்சும் எடைதான். மிருதங்கக் கச்சேரியில் நீங்கள் பார்த்திருக்கலாம்: இடப்பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். எடை கூடுவதால் அந்தப் பக்கத்தின் ஒலி தாழ்ந்து கனக்கிறது. மிருதங்கத்துக்கு அது தேவை. கிட்டாரின் முன்பலகையிலோ தடித்த வண்ணம் ஒலியை அமுக்கிவிடும். நிறமா, நாதமா என்று அவன் இரண்டு நாள் யோசித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, கிட்டார் அவனுடையது.

கடைசியில் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் மட்டும் நீலம் என்று முடிவானது. முன்புறத்துக்குப் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் தெளிந்த பூச்சு மட்டும், அதுவும் மெல்லியதாக. கம்பிகளைக் கழற்றி, ஒலித்துளையையும் விரல் பதியும் பலகையையும் ஒட்டுநாடாவால் மூடினார்கள். பெரியவருக்குத் தெரிந்த பட்டறையில், காற்றை வெளியேற்றும் அறைக்குள் வண்ணம் தெளிக்கப்பட்டது. கார் வண்ணத்தின் ஆவி நச்சுத்தன்மை உடையது என்பதால் இவனை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். நடுவில் ஒருநாள் அடைமழை. ஈரக் காற்றில் தெளித்தால் பூச்சு வெளுத்து மங்கக்கூடும் என்று அன்று வேலையை நிறுத்திவிட்டார்கள். இவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

வண்ணம் அடிப்பதற்கு முன் அவன் ஒரு மெட்டை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தான். பூச்சு நன்றாக இறுகியதும், புதுக் கம்பிகளைப் பூட்டி அதே மெட்டை மீண்டும் வாசித்தான். இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். எனக்கு வேறுபாடு தெரியவில்லை. “மேல்கம்பியில் கொஞ்சம் மாறியிருக்கிறது, அத்தை,” என்றான். பிறகு கிட்டாரைத் திருப்பி, முதல் நாள் அவன் தேய்த்துக் கெடுத்த இடத்தைக் காட்டினான். நீலத்துக்கு அடியில் அந்த இடம் மட்டும் சற்றுப் பள்ளமாகத் தெரிந்தது.