அய்யலூர்த் தேவாங்கும் மூழ்காத கண்டமும்

திண்டுக்கல் நாகல் நகரில் மொட்டை மாடி ஏறினால் மலைக்கோட்டை கண்ணில் படும். ஊருக்கே பெயர் தந்த அந்தத் திண்டுக் கல்லைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "எப்பவோ எரிமலை கக்கினது" என்பார் ஒருவர். "கடல் கொண்ட குமரிக்கண்டத்தோட மிச்சம்" என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை.

எரிமலைக் குழம்பு வெளியே வந்து சட்டென்று ஆறினால் பாறையின் மணிகள் பொடியாக இருக்கும், மும்பைப் பக்கத்துத் தக்காணப் பாறையைப் போல. இந்த வட்டாரத்துப் பாறைகள் பூமிக்குள் ஆழத்தில் வெந்தவை. கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கிற கெங்குவார்பட்டியின் பாறைக் கனிமங்களை ஆராய்ந்து, அவை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தைக் கண்டவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது நடந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் மோதி ஒட்டி, கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவான காலம் அது. மேலே கிடந்த பல கிலோமீட்டர் பாறை கரைந்துபோன பிறகே இவை வெயிலைக் கண்டன.

குமரிக்கண்டக் கதைக்கு வேர் தேடினால் ஒரு தேவாங்கிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் வழியில் அய்யலூர்க் காடுகளில் இரவில் உலவும் அதே பெரிய கண் பிராணிதான். 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளைச் சேர்த்துத் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. இந்தத் தேவாங்குக்கு நெருங்கிய உறவு லெமூர். ஆனால் லெமூர் வாழ்வதோ கடல் கடந்து மடகாஸ்கரில். உறவுக்காரர்கள் இப்படிப் பிரிந்து கிடப்பதைக் கண்டு குழம்பிய இங்கிலாந்து விலங்கியலாளர் பிலிப் ஸ்க்ளேட்டர், நடுவில் ஒரு நிலம் இருந்து மறைந்திருக்க வேண்டும் என்று 1864-ல் எழுதி, அதற்கு இலெமூரியா என்று பெயரும் வைத்தார். அன்றைய அறிவுக்கு அது நேர்மையான ஊகம்தான்.

பிறகு அந்த ஊகம் தமிழ்நாட்டுக்கு வந்து, பஃறுளி ஆறும் குமரி மலையும் கடலில் போனதாகப் பழந்தமிழ் நூல் சொல்லும் செய்தியோடு கலந்து குமரிக்கண்டம் ஆனது. 1981-ல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் குமரிக்கண்டம் பற்றி அரசு ஆதரவில் எடுத்த ஆவணப்படமே திரையிடப்பட்டது. அறிவியல் உலகம் இலெமூரியாவைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏன் கைவிட்டது? கண்டப் பாறை எடை குறைந்தது, தடித்தது. தண்ணீரில் தக்கை அமிழாததைப் போல அதுவும் முழுசாக அமிழாது. இந்தியப் பெருங்கடலின் தரையோ பெரும்பாலும் கனத்த பசால்ட். கடல் நிலத்தைத் தின்னவே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் தரைவழியே இணைந்திருந்தன. கடற்கரைகள் போனது உண்மை. கண்டம் போகவில்லை.

"அப்படியானால் கண்டங்கள் நகர்ந்ததால்தான் தேவாங்கும் லெமூரும் பிரிந்தன" என்று படித்தவர்கள் சொல்வார்கள். இதுவும் பொருந்தாது! இந்தியா மடகாஸ்கரை விட்டுக் கிளம்பியது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். லெமூர்களின் மூதாதைகள் மடகாஸ்கரை அடைந்தது அதற்குப் பின்னால். வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரக்கூட்டத்தில் தொற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவிலிருந்து மிதந்து வந்திருக்கும் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

ஆல்பிரட் வெகெனர் 1912-ல் கண்டப் பெயர்ச்சியைச் சொன்னபோது உலகம் முட்டாள்தனமாகச் சிரித்தது என்பது இன்னொரு கதை. சான்றுகளை அவர் அடுக்கியது சரி. கண்டங்களைத் தள்ளுவதாக அவர் சொன்ன விசைகள் அந்த வேலைக்குப் போதவே போதாது; மறுத்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் மறுத்தார்கள். 1930-ல் அவர் கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். முடிச்சு அவிழத் தொடங்கியது நம் வாசல் கடலில். அரபிக்கடலில் கார்ல்ஸ்பெர்க் முகடு என்னும் கடலடி மலைத்தொடரின் மேல் கப்பல் எடுத்த காந்த அளவுகளை வைத்து, 1963-ல் பிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் கடல்தரை நடுவில் பிறந்து இருபுறமும் விலகுவதை விளக்கினார்கள். கண்டம் தனியே நகரவில்லை. கடல்தரையோடு சேர்ந்த தட்டாக நகர்கிறது.

அந்தத் தட்டு உருகிய குழம்பின் மேல் மிதப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். கீழே இருப்பது திடப் பாறைதான். பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருகாமலே வளைகிறதல்லவா, அப்படி மெல்ல மெல்ல நெளிகிறது.

தென்னாட்டுப் பாறை அசையாது என்ற நிம்மதிக்கும் இடமில்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரை நிலநடுக்கம் உலுக்கியது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. 1605-ல் நாயக்கர் கோட்டை எழத் தொடங்கிய நாளிலிருந்து மலைக்கோட்டையும், அதைச் சுற்றி வளர்ந்த ஊரும் 20 மீட்டருக்கு மேல் இடம் மாறிவிட்டன.